ஆளுக்கு இரண்டு கயிறு
(தாராவியில் நடந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மும்பையில் மழைக்கு முன்னால் கட்டடங்களுக்கு ஒழுக்கு அடைக்கும் வேலை. மழை விட்டால் தீபாவளிக்குள் பெயின்ட் வேலை. இருபது மாடிக்கு வெளியே கயிற்றில் பலகை கட்டித் தொங்கி இதைச் செய்கிறவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு. சாரம் கட்டினால் செலவு, கயிறு மலிவு. மலிவு யாருக்கு என்பதுதான் என் கேள்வி.

கயிற்று வேலையே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைகளில் இதை முறைப்படி செய்கிறார்கள். அங்கே ஆளுக்கு இரண்டு கயிறு. ஒன்றில் தொங்கி வேலை செய்வான், மற்றது காவலுக்கு. இரண்டும் வெவ்வேறு பிடிமானத்தில் கட்டியிருக்க வேண்டும். இரண்டையும் ஒரே தண்ணீர்க் குழாயில் கட்டிவிட்டு, "டபுள் போட்டாச்சு" என்று மேஸ்திரி சொன்னால் ஏற்காதீர்கள். குழாய் பெயர்ந்தால் இரண்டும் சேர்ந்தே வரும். கைப்பிடிச் சுவரின் விளிம்பில் கயிறு உரசும் இடத்துக்கு உறை வேண்டும். நைலான் கயிறு வெயிலிலும் ஆசிட்டிலும் பலம் இழந்துவிடும். பார்வைக்கு நல்ல கயிறாகவே இருக்கும்.

இடுப்பு பெல்ட் போதாது. தோளையும் தொடையையும் சேர்த்துப் பிடிக்கும் பெல்ட் வேண்டும். அதில் ஒருவன் மயங்கித் தொங்கினாலும் சில நிமிடங்களில் இறக்கியாக வேண்டும். இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து. யார் இறக்குவது என்று காலையிலேயே கேளுங்கள்.

நான் ரயில்வே குமாஸ்தா. எங்கள் பாதைக்கு மேலே 25,000 வோல்ட் கம்பி ஓடுகிறது. மின்சாரத்தை நிறுத்தி, எழுத்தில் அனுமதி தந்து, எர்த் போட்ட பிறகே ஆள் கம்பியில் கை வைக்க வேண்டும் என்பது விதி. (அங்கும் காண்டிராக்ட் ஆள் என்றால் விதி கொஞ்சம் தூங்கும், அது வேறு கூட்டத்துக்கு.) கயிற்றில் இறங்குகிறவனுக்கு மட்டும் மேஸ்திரியின் வாய்ச்சொல் போதுமா?

கட்டடத் தொழிலாளர் சட்டம் 1996-இல் வந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் புதிய தொகுப்புச் சட்டங்கள். அவற்றோடு நமக்குச் சண்டை உண்டு. ஆனால் இது மாறவில்லை: 18 வயது முடிந்து 60 ஆகாதவர், 12 மாதத்தில் 90 நாள் கட்டட வேலை செய்திருந்தால் நல வாரியத்தில் பதியலாம். பழுது பார்ப்பதும் கட்டட வேலைதான். அந்த 90 நாளுக்கு அத்தாட்சி வேண்டும். மேஸ்திரி தரமாட்டான்.

தாய்மார்களே, விபத்து நடந்த வீட்டுக்கு ரொக்கத்தோடு ஆள் வருவான், வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்பான். போடாதீர்கள். இறந்தவருக்கான நஷ்டஈட்டை உரிய அதிகாரியிடம்தான் கட்ட வேண்டும் என்பது 1923-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே உள்ள விதி.

வேலைக்குப் போன தேதி, கட்டடத்தின் பெயர், மேஸ்திரியின் பெயர், வாங்கிய கூலி இவற்றை வீட்டில் ஒரு நோட்டில் தினமும் எழுதி வையுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கொண்டு எழுதுங்கள். ஞாயிறு காலை அந்த நோட்டோடு சங்க அறைக்கு வாருங்கள். மனு எழுதித் தர நான் இருப்பேன்.