கண்டுக்காம விட்ட ஒரு லாக் வரி: ஃபிளிங்க், போஜோ, கிரையோ

இன்னைக்கு நான் மாசக்கணக்கா கண்டுக்காம விட்ட ஒரு லாக் வரியைப் பத்திப் பேசப்போறேன்.

எங்க டீம்ல ஒரு அப்பாச்சி ஃபிளிங்க் ஜாப். காஃப்காவுல இருந்து ஆர்டர் ஈவென்ட்ஸை எடுத்து, ஒவ்வொரு ஆர்டரோட கடைசி நிலையையும் ஸ்டேட்ல வெச்சிருக்கும். ஸ்டார்ட் பண்ணும்போதெல்லாம் லாக்ல வரும்: இந்த கிளாஸை போஜோவா எடுத்துக்க முடியாது, ஜெனரிக் டைப்பாத்தான் கையாளணும்னு. அதுவும் இன்ஃபோ லெவல்ல. ஜாப் ஓடுது, நம்பர் சரியா வருது. யார் கவலைப்பட்டா?

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த கிளாஸ்ல ஒரே ஒரு ஃபீல்டு சேர்த்தேன். சேவ்பாயிண்ட் எடுத்து, புது ஜாரைப் போட்டேன். ஜாப் எழுந்துச்சு, விழுந்துச்சு, திரும்ப எழுந்து விழுந்துச்சு. பழைய ஸ்டேட்டைப் படிக்கவே முடியல.

காரணம் இதுதான். போஜோன்னா ஃபிளிங்க் தன்னோட சொந்த சீரியலைசரைப் பயன்படுத்தும். அதுக்கு ஃபீல்டு பேர் தெரியும். புதுசா ஒண்ணு சேர்ந்தாலும் பழைய ஸ்டேட்டை மாத்திப் படிச்சுக்கும். போஜோ இல்லன்னா கிளாஸ் கிரையோ கைக்குப் போயிடும். அது வழக்கமா ஃபீல்டு பேரை எழுதாது, மதிப்புகளை மட்டும் வரிசையா எழுதும். நடுவுல ஒண்ணு நுழைஞ்சா வரிசையே தள்ளிப்போயிடும். வேகமும் குறைவு.

போஜோ ஆகணும்னா கிளாஸ் பப்ளிக்கா இருக்கணும், ஆர்க்யுமென்ட் இல்லாத பப்ளிக் கன்ஸ்ட்ரக்டர் வேணும், ஒவ்வொரு ஃபீல்டும் பப்ளிக்கா இருக்கணும், இல்லன்னா கெட்டர், செட்டர் ரெண்டும் இருக்கணும். நான் எல்லாத்தையும் ஃபைனல்னு போட்டு, செட்டரே எழுதல. மாறாத ஆப்ஜெக்ட்தான் நல்லதுன்னு படிச்ச பாடம் இங்க காலை வாரிடுச்சு.

இன்னொரு சிக்கல்: கிளாஸ் போஜோவா இருந்தாலும், ஃபிளிங்க் 1.x-ல உள்ள இருக்கிற லிஸ்ட், மேப் ஃபீல்டு மட்டும் கிரையோவுக்குப் போகும். டைப்பை நாமளே சொல்லிக் கொடுக்கணும். 2.0-ல இதுக்கு உள்ளேயே சீரியலைசர் வந்துடுச்சு.

இப்போ நான் என்ன பண்றேன்? எக்ஸிக்யூஷன் கான்ஃபிக்ல ஜெனரிக் டைப்ஸை டிஸேபிள் பண்ணிடறேன். கிரையோவுக்குப் போற டைப் இருந்தா ஜாப் எக்ஸப்ஷன் வீசி அங்கேயே நின்னுடும். போஜோ டெஸ்ட் யூட்டில்ஸை வெச்சு ஒரு யூனிட் டெஸ்ட்டும் உண்டு.

ஆனா புரொடக்‌ஷன்ல ஏற்கெனவே ஓடுற ஜாப்னா அவசரப்பட்டு கிளாஸை மட்டும் திருத்தாதீங்க. கிரையோ எழுதின ஸ்டேட்டை போஜோ சீரியலைசர் ஏத்துக்காது. ஸ்டேட் ப்ராசஸர் ஏபிஐ வெச்சு சேவ்பாயிண்ட்டை மாத்தி எழுதணும், இல்லன்னா டேட்டாவை முதல்ல இருந்து ஓட்டணும். நாங்க அன்னைக்கு ராத்திரி பழைய ஜாரையே திரும்பப் போட்டுத் தப்பிச்சோம். அடுத்த வாரம் காஃப்காவுல இருந்து எல்லாத்தையும் மறுபடி ஓட்டினோம்.

உங்க ஜாப் லாக்ல ‘ஜெனரிக் டைப்’னு ஒரு தடவை தேடிப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!