அடுப்பங்கரையிலும் ஒரு கணக்கு நோட்டு

(பசுமலையில் நடைபெற்ற நமது கூட்டமைப்பின் உறுப்பினர் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சேமிப்பு, கடன், வட்டி எல்லாம் காலையில் இருந்து பேசி முடித்துவிட்டோம். இப்போது அரை மணி நேரம் வெப்பத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். "இதெல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு உள்ளது, நமக்கு எதுக்கு?" என்று யாரும் எழுந்து போயிடாதீங்க. தினமும் இரண்டு மூன்று மணி நேரம் நெருப்புக்கு முன்னால் உட்காருவது நாம்தான். விறகு சுமப்பதும் நாம்தான், சிலிண்டருக்குப் பணம் சேர்ப்பதும் நாம்தான், புகையைக் குடிப்பதும் நாம்தான். அப்படியிருக்க, அந்த நெருப்பின் கணக்கு நமக்குத் தெரிய வேண்டாமா?

வரவும் செலவும் சரியாக இருக்கும்

நம் குழுக் கூட்டத்தில் வரவு செலவு நோட்டு வாசிக்கிறோம். பத்து ரூபாய் இடித்தாலும் விடமாட்டோம். "பணம் காற்றில் கரையுமா? எங்கேயோ போயிருக்கு, தேடுங்க" என்போம்.

வெப்பமும் அப்படித்தான். ஆற்றலை யாராலும் புதிதாக உண்டாக்க முடியாது, அழிக்கவும் முடியாது. ஒரு வடிவத்தில் இருந்து இன்னொரு வடிவத்துக்கு மாறும், அவ்வளவுதான். இதுதான் வெப்ப இயக்கவியலின் முதல் விதி. மாவு மில்லில் அரைத்து வாங்கும்போது தூக்குவாளியைத் தொட்டுப் பாருங்கள், மாவு சுடும். அங்கே அடுப்பா எரிகிறது? இல்லை. மோட்டார் சுற்றுகிறது, கல் உரசுகிறது, அந்த உழைப்பு சூடாக மாறுகிறது. ஜெர்மனியில் ரம்ஃபோர்டு என்பவர் பீரங்கிக் குழலைக் குடையும்போது இதையே கவனித்தார். சுற்றிலும் இருந்த தண்ணீர், நெருப்பே இல்லாமல் கொதித்தது. 1798-ல் அதை எழுதி வைத்தார். எவ்வளவு உழைப்புக்கு எவ்வளவு சூடு என்று 1840-களில் அளந்து சொன்னவர் இங்கிலாந்துக்காரர் ஜேம்ஸ் ஜூல்.

ஒரு கிலோ விறகின் கணக்கு

பணத்துக்கு ரூபாய் மாதிரி வெப்பத்துக்குக் கிலோ கலோரி. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கிலோ கலோரி வேண்டும். நம் ஊர்த் தண்ணீர் 30 டிகிரி இருக்கும், கொதிப்பது 100 டிகிரியில். ஆக ஒரு லிட்டரைக் கொதிக்க வைக்க 70.

நன்றாகக் காய்ந்த கருவேலம் விறகு ஒரு கிலோவில் ஏறக்குறைய 4,000 கிலோ கலோரி இருக்கிறது. முழுவதும் பானைக்குள் போனால் ஐம்பது லிட்டருக்கு மேல் கொதிக்க வைக்கலாம். நாம் எவ்வளவு கொதிக்க வைக்கிறோம்? ஆறு, ஏழு லிட்டர் கொதித்தாலே பெரிது. மூன்று கல் அடுப்பில் நூற்றுக்குப் பத்து, பதினைந்துதான் பானைக்குப் போகிறது. மீதி எண்பத்தைந்து எங்கே? அழியவில்லை. பானையை உரசாமல் மேலே போன சூடான காற்றில் பெரும்பங்கு போனது. அடுப்பு மண்ணும் சுவரும் கொஞ்சம் குடித்தன. நம் முகத்தில் அடித்தது கொஞ்சம். புகையாகப் போனது கொஞ்சம்.

புகை என்பது என்ன? எரியாத விறகுதான். புகைக்கூண்டு வழியாகப் போகும் புகை நாம் சுமந்து வந்த விறகு என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

சில்லறையாகச் சிதறிய பணம்

"அழியலைன்னா, அந்த எண்பத்தைந்தைத் திரும்பப் பிடிக்கலாமே?" என்று கேட்பீர்கள். அங்கேதான் இரண்டாம் விதி வருகிறது. வெப்பம் தானாகப் போவது சூடான இடத்தில் இருந்து குளிர்ந்த இடத்துக்கு மட்டும்தான். டம்ளரில் வைத்த டீ ஆறி, அந்தச் சூடு அறை முழுவதும் பரவுகிறது. அறையில் இருக்கும் சூடு தானாகத் திரும்பி வந்து டீயைச் சூடாக்கியதை யாராவது பார்த்ததுண்டா?

நூறு ரூபாயை ஐம்பது பைசாக் காசுகளாக மாற்றித் திருப்பரங்குன்றத்தில் இருந்து திருமங்கலம் வரை வீசிவிட்டு வந்தால், நூறு ரூபாயும் ஊரில்தான் இருக்கும். ஆனால் அதை வைத்து நீங்கள் ஒரு படி அரிசி வாங்க முடியாது. சிதறிய வெப்பமும் அப்படித்தான். அதனால் சிதறுவதற்கு முன்னால் பிடிக்க வேண்டும்.

குளிர்சாதனப் பெட்டி மட்டும் எப்படிக் குளிர வைக்கிறது? உள்ளே இருக்கும் சூட்டை மின்சாரம் செலவழித்து வெளியே தள்ளுகிறது. பின்பக்கம் தொட்டால் சுடுவது அதனால்தான். கதவைத் திறந்து வைத்தால் வீடு குளிராது, இன்னும் சூடாகும். சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், சுடச்சுட குழம்பை உள்ளே வைக்காதீர்கள்.

ஓட்டைகளை அடைப்போம்

முதல் ஓட்டை, ஈர விறகு. விறகில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க மட்டும் 540 கிலோ கலோரிக்கு மேல் போகிறது. கோடையிலேயே வெட்டி, பிளந்து, மழை படாமல் அடுக்கி வையுங்கள்.

இரண்டாவது, மூடாத பானை. ஆவி வெளியே போகும்போது கொள்ளை கொள்ளையாகச் சூட்டை எடுத்துப் போகிறது. ஒரு தட்டு போட்டு மூடினால் செலவு மிச்சம்.

மூன்றாவது, கொதி வந்த பிறகும் பெரிய தீ. தண்ணீர் கொதிக்க ஆரம்பித்தால் அதன் சூடு 100 டிகிரிதான். நீங்கள் எவ்வளவு தீ வைத்தாலும் 101 ஆகாது. தளதளவென்று கொதித்தாலும், லேசாகக் கொதித்தாலும் அரிசி ஒரே நேரத்தில்தான் வேகும். கூடுதல் தீ தண்ணீரை ஆவியாக்குவதற்கு மட்டும்தான் உதவும்.

"அப்ப குக்கர்ல சீக்கிரம் வேகுதே?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. குக்கரில் ஆவியை அடைத்து வைப்பதால் அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடினால் தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்காமல் சூடேறும். அதனால் துவரம்பருப்பு சீக்கிரம் வேகும். இதற்கு நேர் எதிர் கொடைக்கானல். 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், சோறு வேக நேரமாகும். குக்கரில் முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துவிடுங்கள்.

கேஸ் அடுப்பிலும் கவனிக்க வேண்டியது உண்டு. தீ பாத்திரத்தின் அடிக்குள் நிற்க வேண்டும். பக்கவாட்டில் ஏறினால் அது நம் பணம். தீ நீலமாக எரியாமல் மஞ்சளாக எரிந்தால் பர்னரைச் சுத்தம் செய்யுங்கள்.

வைக்கோல் கூடை

செலவில்லாத ஒரு வழி சொல்கிறேன். ஐஸ் கட்டியை மரத்தூளில் புதைத்து, சாக்கால் சுற்றி வைத்ததைப் பார்த்திருப்பீர்கள். மரத்தூள் குளிர வைப்பதில்லை. அதற்குள் சிக்கிய காற்று, வெளிச்சூட்டை உள்ளே விடுவதில்லை. வெளிச்சூட்டை உள்ளே விடாதது, உள்சூட்டையும் வெளியே விடாது அல்லவா?

பெரிய மூங்கில் கூடையில் வைக்கோலை அடியிலும் சுற்றிலும் ஒரு சாண் கனத்துக்கு அழுத்தி வையுங்கள். அரிசியோ பருப்போ நன்றாகக் கொதித்துப் பத்து நிமிடம் ஆனதும் இறுக்கமான மூடியோடு இறக்கி, அதில் வைத்து, மேலே வைக்கோல் திணித்த சாக்கைப் போட்டு மூடுங்கள். ஒரு மணி நேரம் திறக்கக் கூடாது. மீதியை உள்ளே இருக்கும் சூடே வேக வைத்துவிடும். திறக்கும்போது ஆவி பறக்க வேண்டும். வெதுவெதுப்பாகத்தான் இருந்தால் மறுபடி கொதிக்க வைத்த பிறகே சாப்பிடுங்கள்.

புகை இல்லா அடுப்பின் பாடம்

இது புதிய அக்கறை இல்லை. நம் மாவட்டத்துக்கு வேண்டியவரான ஜே.சி.குமரப்பா, காந்தியடிகள் 1934-ல் தொடங்கிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை வார்தா மகன்வாடியில் நடத்தினார். 'மகன் சூலா' என்ற புகையில்லா அடுப்பு அங்கே இருந்து வந்ததுதான். குமரப்பா கடைசிக் காலத்தை இங்கே தே.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்து, 1960 ஜனவரி 30 அன்று காலமானார்.

பிறகு 1980-களில் இருந்து 2002 வரை மத்திய அரசு மேம்படுத்தப்பட்ட அடுப்புத் திட்டம் நடத்தியது. நாடு முழுவதும் மூன்று கோடிக்கு மேல் அடுப்புகள் போடப்பட்டன. பல அடுப்புகள் நிலைக்கவில்லை. சூடான காற்று மேலே ஏறும், அந்த இழுப்பில்தான் கூண்டு வேலை செய்கிறது. கரி அடைத்தால் இழுப்பு நின்று, புகை நம் முகத்துக்கே திரும்பும். போட்டுக் கொடுத்தவர்கள் போய்விட்டார்கள், துடைக்கச் சொல்லித்தர ஆள் இல்லை.

2016-ல் உஜ்வலா திட்டம் வந்த பிறகு கேஸ் இணைப்பு கூடியது உண்மை. ஆனாலும் வெந்நீருக்கும், பெரிய சமையலுக்கும், சிலிண்டர் தீர்ந்து பணம் இல்லாத வாரத்துக்கும் விறகுதான். வீட்டுப் புகையால் உலகில் 2020-ல் மட்டும் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. கர்ப்பிணியும் கைக்குழந்தையும் புகையில் உட்காரவே கூடாது.

நம் உடம்பும் ஓர் அடுப்பு

சாப்பிட்ட சோறு உள்ளே எரிந்துதான் நாம் 37 டிகிரியில் இருக்கிறோம். சித்திரை, வைகாசியில் மதுரை வெயில் 40-ஐத் தாண்டும். சூடு சூடான இடத்தில் இருந்துதான் குளிர்ந்த இடத்துக்குப் போகும் என்றோம். வெளியே நம்மைவிடச் சூடு என்றால் உடம்புச் சூடு எங்கே போகும்? அப்போது காப்பாற்றுவது வியர்வை ஒன்றுதான். மண்பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறதோ, அதே வழி. ஒரு லிட்டர் வியர்வை காய்ந்தால் 580 கிலோ கலோரி போல எடுத்துப் போகும். புழுக்கமான நாளில் வியர்வை காயாது, அதனால் அன்றைக்கு இன்னும் ஆபத்து.

வயலிலும் வேலைத்தளத்திலும் தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர், மோர், உப்புப் போட்ட கஞ்சி குடியுங்கள். "ஒதுங்க இடம் இல்லை" என்று தண்ணீர் குடிக்காமல் இருக்கும் வழக்கத்தை விட வேண்டும். இடம் கேட்பதற்குத்தான் குழு இருக்கிறது. கூட வேலை செய்பவர் உளறினாலோ, உடம்பு கொதித்தாலோ நிழலுக்குத் தூக்குங்கள். ஈரத்துணி போட்டு விசிறுங்கள், 108-க்குச் சொல்லுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். வெப்ப அலையை 2024-ல் தமிழக அரசு மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. உயிர் போனால் குடும்பத்துக்கு நிவாரணம் உண்டு. ஆனால் நமக்கு வேண்டியது உயிர்.

அடுத்த கூட்டத்துக்குள்

1. ஒரு வாரம் மூடாமலும், ஒரு வாரம் மூடி போட்டும் சமைத்து, விறகை எடை போட்டு எழுதி வாருங்கள்.
2. கேஸ் வைத்திருப்பவர்கள் சிலிண்டர் மாற்றிய தேதியைக் காலண்டரில் குறியுங்கள்.
3. குழுவுக்கு ஒரு வைக்கோல் கூடை செய்து பாருங்கள்.
4. புகைக்கூண்டு உள்ளவர்கள் மாதம் ஒருமுறை கரி தட்டுங்கள்.

பணக் கணக்கு எழுதப் பழகியபோது "நம்மால் முடியுமா?" என்றுதான் தொடங்கினோம். இன்று தணிக்கையாளர் கேள்விக்கே பதில் சொல்கிறோம். அடுப்பின் கணக்கும் அப்படி நம் கைக்கு வரும். எழுதி வரும் கணக்கை இதே செய்தி மடலில் வெளியிடுவோம்.