மண்ணறிந்து மரம் நடுதல்



திருத்தலங்கள் பலவற்றுக்கும் தலமரம் ஒன்று உண்டு. சிதம்பரத்திற்குத் தில்லை, திருப்பாதிரிப்புலியூருக்குப் பாதிரி, திருமுதுகுன்றமாகிய விருத்தாசலத்திற்கு வன்னி. இம்மரங்கள் வழிபாட்டிற்கு உரியவை. அத்துடன், அந்தந்த மண்ணில் எது இயல்பாகத் தழைக்கும் என்பதற்கு முன்னோர் விட்டுச் சென்ற சான்றுகளாகவும் விளங்குகின்றன.

தில்லை உப்பங்கழியின் மரம். பிச்சாவரத்து அலையாத்திக் காட்டில் அதனை இன்றும் காணலாம். வன்னியோ வறண்ட நிலத்தின் மரம். வேரை ஆழச் செலுத்திக் கோடையைத் தாங்கி நிற்கும். ஒன்றன் இடத்தில் மற்றொன்றை நட்டால் இரண்டும் வாடும். மண்ணறிந்து மரம் நடுதல் என்னும் அறம் இதனுள் அடங்கியுள்ளது.

இவ்வறம் இன்று மிகவும் வேண்டப்படும் இடம், இவ்விரு தலங்களுக்கும் இடையே அமைந்த நெய்வேலி. அங்குப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. 1957இல் நிலம் அகழப்பெற்று, 1961இல் நிலக்கரிப் படுகை வெளிப்பட்டது. இல்லங்கள்தோறும் விளக்கெரிய, உழவர் பலர் தலைமுறை தலைமுறையாகக் காத்த வயல்களை விட்டுப் பெயர்ந்தனர். அவர்கள் ஈந்த நிலத்தை மீண்டும் உயிருள்ளதாக்குவது பின்வந்தோர் பட்ட கடன்.

அக்கடனைத் தீர்ப்பது எளிதன்று. நிலக்கரியை எடுக்க அதன்மேலுள்ள மண் பல பத்து மீட்டர் ஆழத்திற்கு அகற்றப்படுகிறது. ஆழத்திலிருந்து வந்த மணலிலும் களியிலும் மட்கு இல்லை. தழைச்சத்து மிகக் குறைவு. மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் பெய்து ஓடிவிடும், அதன்பின் நெடுங்கோடை. சுரங்கம் நிரப்பப்பட்ட பகுதிகளில் மரங்கள் வளர்க்கப்பட்டு வருகின்றன. அங்கே எம்மரத்தை நடுவது என்பதே வினா.

வன்னி, புங்கு, வாகை ஆகியவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள், காற்றிலுள்ள தழைச்சத்தை ஈர்த்துத் தருகின்றன. உதிரும் இலை மட்கி மண்ணாகிறது. இவற்றை அடுத்து வேம்பும் இலுப்பையும், அவற்றின் கீழ் ஆவாரையும் நொச்சியும், தரையில் புல்லும் அமைந்தால் மழைநீர் மண்ணை அரிக்காது. பறவையும் வண்டும் தாமே வந்து சேரும். விரைந்து வளர்கிறது என்பதற்காக அயல்மரம் ஒன்றையே எங்கும் நடுவது நலம் பயக்காது. வன்னியின் குடும்பத்தைச் சேர்ந்ததேயாயினும், அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சீமைக் கருவேலம் தமிழகத்து ஏரிகளையும் தரிசுகளையும் கவர்ந்து கொண்டதை யாவரும் அறிவர்.

இல்லத்தில் சிறிது இடமுள்ளோரும் இவ்வறத்தைச் செய்யலாம். ஐப்பசி மழைக்கு முன்னரே குழி எடுத்து மட்கெரு இடுக. கன்றைச் சுற்றிப் பிறை வடிவில் சிறு வரப்பு அமைத்து, உதிர்ந்த சருகைக் கொளுத்தாமல் அதனடியில் பரப்புக. முதல் இரண்டு கோடைகளில் நீர் வார்த்துக் காத்தால், பின்னர் அம்மரம் தன்னைத் தானே காத்துக்கொள்ளும்.

விருத்தாசலத்தில் விபசித்து முனிவர் திருப்பணி செய்தோர்க்கு வன்னியிலையையே கூலியாக வழங்கினார் என்பது தலவரலாறு. அவரவர் உழைப்பின் அளவிற்கேற்ப அவ்விலை பொன்னாயிற்றாம். அகழ்ந்த மண்ணில் ஊன்றப்படும் கன்றும் அத்தகையதே. நட்டுவிட்டு மறந்தோர்க்கு அது சருகு. நீர் வார்த்துக் காத்தோர்க்கு அதுவே பொன்.

மண் குளிர்க; மன்னுயிர் தழைக்க.