மருந்து என்றால் எந்த மருந்து?

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)

 

தலைப்பை என் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். சீனி வருத்தம் பற்றிப் பேசலாம்தான். பேசினால் கூட்டம் முடிந்ததும் பாதிப் பேர் ரிப்போட்டோடு வரிசையில் நிற்பீர்கள். ஆகவே சொற்களைப் பற்றிப் பேசுகிறேன்.

பத்தாம் வகுப்பில் தமிழ் டீச்சர் கரும்பலகையில் ‘பல பொருள் ஒரு சொல்’ என்று எழுதி, ஆறு, மாலை, திங்கள் என்று அடுக்கினார். தொல்காப்பியம் இத்தகைய சொற்களை இரண்டாகப் பிரிக்கிறது. கூட வரும் வினையால் பொருள் தெளிவது ஒன்று. வினை வந்தும் தெளியாதது மற்றது. பரீட்சைக்குப் பாடமாக்கினேன். பரீட்சையோடு மறந்தும் விட்டேன்.

மேற்படிப்பின் வெளிநாட்டுப் பயிற்சிக்காக இங்கிலாந்தில் இருந்தபோது, பக்கத்து வாட்டில் மட்டக்களப்பு அம்மா ஒருவர் இருந்தார். டெலிபோனில் அவருக்கு மொழிபெயர்த்தவர் சென்னைக்காரர். “எனக்குப் பத்து வருசமா வருத்தம்” என்றார் அம்மா. பத்து வருடமாகக் கவலையில் இருக்கிறார் என்று ஆங்கிலத்தில் போனது. “காலில கடி” என்றார். காலில் ஏதோ கடித்துவிட்டதாம் என்று போனது. மனநல வைத்தியருக்குக் கடிதமும் எழுதியாயிற்று. நான் போய்ப் பேசியபோது அவருக்கு இருந்தது சீனி வருத்தம், அதோடு காலில் அரிப்பு. மொழிபெயர்த்தவரில் குற்றமில்லை. அவருடைய தமிழில் வருத்தம் மனதில் மட்டும் இருக்கிறது. நமது தமிழில் அது உடம்புக்கும் வரும்.

அங்கே என்னோடு வேலை செய்த ஸ்பெயின் நாட்டுத் தாதி இதைக் கேட்டுச் சிரித்தார். அவர்களுடைய ‘டொலோர்’ உடம்பு நோவுக்கும் மனத்துயருக்கும் பொதுவாம். ‘சுவென்யோ’ தூக்கமும்தான், கனவும்தான். ‘முன்யேக்கா’ என்றால் மணிக்கட்டு. விளையாட்டுப் பொம்மையும் அதுவே. ‘எஸ்போசாஸ்’ என்றால் மனைவிமார், கைவிலங்கு. (இந்த இரண்டையும் ஒரே சொல்லில் போட்டவர் கட்டாயம் ஓர் ஆணாகத்தான் இருப்பார்.) ஆங்கிலத்துக்கு மாற்றும்போது ஒன்றைப் பிடித்து மற்றதை விட வேண்டியிருக்கிறது. எதை விடுகிறோம் என்பதில்தான் ஆபத்து.

1980இல் புளோரிடாவில் 18 வயது இளைஞர் ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். ஸ்பானிய மொழி பேசும் வீட்டார், ‘இன்டொக்சிகாதோ’ என்றார்கள். சாப்பிட்டதோ குடித்ததோ உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பது அவர்கள் எண்ணியது. ஆங்கிலக் காதுக்கு அது போதை என்று கேட்டது. போதைவஸ்துக்கே சிகிச்சை நடந்தது. மூளையில் இரத்தக்கசிவு இருப்பது பிந்தித்தான் தெரிந்தது. கை கால் நான்கும் செயலிழந்தன. நட்டஈடு சுமார் 71 மில்லியன் டொலர்.

அந்தக் கதையை எனக்கு வேறு யாருடையதோ கதையாகக் கேட்க முடியவில்லை. காரணத்தை இதுவரை மேடையில் சொன்னதில்லை.

எனது உள்ளகப் பயிற்சிக் காலம். நடுச்சாமத்தில் சிங்கள நண்பர் ஒருவர் அனுமதிப் பிரிவிலிருந்து போன் எடுத்தார். வயலில் கூலிவேலை செய்பவர் ஒருவர் வந்திருக்கிறார். “மருந்து குடிச்சிட்டாரு” என்று மனைவி திரும்பத் திரும்பச் சொல்கிறார், என்ன அர்த்தம் என்று கேட்டார். மருந்து எடுத்திருக்கிறார் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தேன்.

நான் வரிப்பத்தான்சேனையில் பிறந்தவள். எங்கள் வயல் வாடியில் கூரைக்குக் கீழே, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில், வாப்பா கட்டித் தொங்கவிட்ட போத்தலுக்குப் பெயரும் மருந்துதான். மருந்து கட்டினால் புண்ணுக்கு. மருந்து எடுக்கப் போனால் டொக்டரிடம். மருந்து அடித்தால் வேளாண்மைக்கு. இவ்வளவும் வினையால் தெளியும். மருந்து குடித்தால்? பாணியும் குடிக்கலாம், நஞ்சும் குடிக்கலாம்.

வாப்பாவின் போத்தல் ஞாபகம் வந்து எழுந்து ஓடினேன். எவ்வளவு நேரம் போயிருந்தது என்று இன்றைக்கும் கணக்குப் பார்க்கிறேன். இருபது நிமிடமாவது இருக்கும். அவர் ஓரக் கட்டிலில் கிடந்தார். வாயால் எச்சில் வடிகிறது, கண்மணி ஊசிமுனை அளவு சுருங்கியிருக்கிறது. “எந்த மருந்து ராத்தா?” என்று மனைவியிடம் கேட்டேன். “வயலுக்கு அடிக்கிற மருந்து. சோடாப் போத்தல்ல ஊத்தி வச்சிருந்த. தாகத்துல சோடாண்டு எடுத்துக் குடிச்சிட்டாரு” என்றார். அற்றோபின் ஏற்றத் தொடங்கினோம். அல்ஹம்துலில்லாஹ், எழுந்து நடந்து வீட்டுக்குப் போனார். மனைவி என் கையைப் பிடித்து அழுதார். நான் செய்தது அவருக்குத் தெரியாது.

இப்போது என்னிடம் பயிற்சிக்கு வரும் டொக்டர்மாருக்காக ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். முதற் பக்கத்தில் மருந்து. அதற்கு எதிரே பொருள் எழுதவில்லை, கேள்விகள் எழுதியிருக்கிறேன்: எந்த மருந்து, எங்கே வைத்திருந்தது, போத்தலைக் கொண்டு வர முடியுமா. அடுத்த பக்கங்களில் வருத்தம், கடி. பிறகு நரம்பு: சனத்துக்கு இரத்தக் குழாயும் அதுதான், தசைநாரும் அதுதான். “ஊசி போட நரம்பு கிடைக்கல்ல” என்று நாங்களும்தான் சொல்கிறோம்.

லண்டனிலும் டோகாவிலும் டொரண்டோவிலும் உம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் மொழிபெயர்க்கிறவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். எந்தச் சொல்லில் தடுக்கினீர்கள் என்று எனக்குச் சொல்லித் தாருங்கள். கூட்டம் முடிந்ததும் வாசலில் கொப்பியோடு நிற்பேன். ரிப்போட் கொண்டு வந்தவர்களும் வரலாம்.