பால்வாடி டீச்சருக்கு என்ன சம்பளம்?

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற மாதர் அரங்கில், ஓய்வுபெற்ற பால்வாடி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



பொன்விழா மேடை என்றால் கோவில் கட்டிய கதையைச் சொல்வது வழக்கம். அதைச் சொல்ல என்னைவிட மூத்தவர்கள் முன்வரிசையிலே அமர்ந்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், அது பால்வாடி. இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூர்க் குப்பங்களிலும் மூன்று வயதுப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தே என் காலம் போயிற்று. ஆகவே பங்குத்தந்தை என்னை அழைத்தபோது, "சாமி, அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவளுடைய சம்பளத்தைப் பற்றிப் பேசலாமா?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். முழுவதும் கேட்ட பிறகும் சிரிப்பாரா என்று பார்ப்போம்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு, பதினெட்டு வயதில், ஒரு மழலையர் பள்ளியில் என்னை வேலைக்குச் சேர்த்தார்கள். பள்ளியின் பெயர் வேண்டாம். மாதம் 40 ரூபாய். பயிற்சி கிடையாது. "பிள்ளைகளை அழாமல் பார்த்துக்கொள், அது போதும்" என்றார்கள். என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். அவனுடைய அம்மா விடியும் முன்பே காசிமேட்டு ஏலத்துக்குப் போய்விடுவாள். அக்காள்காரி அவனை இடுப்பில் தூக்கி வந்து விட்டுவிட்டு ஓடுவாள். கூப்பிட்டால் திரும்ப மாட்டான், சொன்னதைச் செய்ய மாட்டான், வாயே திறக்க மாட்டான். அடம் பிடிக்கிறான் என்று நினைத்து, நான்கு மாதம் அவனை நான் மூலையில் நிற்க வைத்திருக்கிறேன்.

அதன் பிறகு பாலசேவிகா பயிற்சிக்குப் போனேன். இந்தியக் குழந்தைகள் நலக் கவுன்சில் நடத்திய 11 மாதப் பயிற்சி அது. பாட்டும் பொம்மையும் கற்றுக்கொடுப்பார்கள் என்று நினைத்துத்தான் போனேன். அங்கே முதலில் கற்றுத்தந்தது பார்ப்பதற்கு. ஒரு பிள்ளையை அரைமணி நேரம் தொடாமல், பேசாமல், பார்த்து எழுத வேண்டும். எழுதியதைப் படித்துவிட்டு, "இது நீ பார்த்ததா, நினைத்ததா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி இன்றைக்கும் எனக்குத் தூக்கத்தில் வருகிறது.

பயிற்சி முடிந்து அதே பள்ளிக்குத் திரும்பினேன். அந்தப் பையன் இன்னும் அங்கேதான் இருந்தான், இன்னும் மூலையில்தான். மூன்றாம் நாள் அவனுடைய காதைப் பார்த்தேன். சீழ் வடிந்து காய்ந்திருந்தது. அவனுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை. ஸ்டான்லி மருத்துவமனைக்கு அவன் தாயோடு நானும் போனேன். மாதக்கணக்கில் மருந்து போட்டார்கள். பையன் பேசத் தொடங்கினான். முதலில் பேசியது நல்ல வார்த்தை இல்லை. இராயபுரத்துப் பிள்ளை அல்லவா, காது திறந்ததும் தெருவில் கேட்டதைத்தானே சொல்லுவான்! அவன் தாய் அதைக் கேட்டு அழுதுகொண்டே சிரித்தாள்.

இனி சம்பளத்துக்கு வருகிறேன். பயிற்சிச் சான்றிதழை நிர்வாகத்திடம் காட்டினேன். "நீ அதே பிள்ளைகளைத்தானே பார்க்கப்போகிறாய்?" என்று கேட்டு, 5 ரூபாய் கூட்டிக்கொடுத்தார்கள். என்னோடு பயிற்சி பெற்ற தோழி ஒருத்தி அடுத்த வருடமே ஒரு கம்பெனியில் பொட்டலம் கட்டும் வேலைக்குப் போய்விட்டாள். அங்கே இரண்டு மடங்கு சம்பளம். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவள் படித்த 11 மாதப் படிப்பு எந்தப் பிள்ளைக்கும் பயன்படாமல் போயிற்று.

அன்பானவர்களே, இந்த ஊருக்குக் கூலியைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 1918-இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளருக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது நமக்குப் பக்கத்திலேதான். 1923-இல் சிங்காரவேலர் இந்தியாவிலேயே முதன்முதலாக மே தினம் கொண்டாடியது நம் சென்னைக் கடற்கரையில்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவரிடம் உரிமம் கேட்கிறோம். உரிமம் உள்ளவருக்கு உரிய கூலியும் கேட்கிறோம். இரண்டும் ஒன்றையொன்று பிரியாது என்று நம் வீட்டு ஆண்களுக்கு நன்றாகத் தெரியும். பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவளிடம் மட்டும் ஏன் அந்த நியாயம் போய்ச் சேரவில்லை?

அவளுடைய வேலையைத் தொழில் என்று யாரும் நினைத்துப் பார்க்காததுதான் காரணம் என்பது என் எண்ணம். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. 1976-இல் அந்த எண்ணிக்கையை 30 ஆகக் குறைத்தார்கள். குழந்தை வளர்ப்பில் பயிற்சி பெற்ற பெண்தான் அதற்குப் பொறுப்பாக இருக்க வேண்டும் என்றும் அந்தச் சட்டம் எழுதிற்று. நல்ல சட்டம். அந்தப் பயிற்சி பெற்ற பெண்ணுக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று எழுத மட்டும் மறந்துவிட்டது.

பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை நம் நகரம் சீக்கிரமே கண்டுகொண்டது. 1920-இல், பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தொடங்கிற்று. 1975 அக்டோபர் 2-இல் மத்திய அரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கி, அங்கன்வாடி என்ற பெயரை நாடெங்கும் கொண்டுபோயிற்று. 1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, 2 வயதுப் பிள்ளைக்கும் சோறு கிடைத்தது. ஆதரவற்ற பெண்களுக்கும் விதவைகளுக்கும் அந்த வேலைகளில் முன்னுரிமை கொடுத்தார்கள். எத்தனையோ குடும்பங்கள் அதனால் பிழைத்தன. நான் அதைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். வேலையை உதவியாகக் கொடுத்தால், கூலியையும் உதவியாகத்தான் கொடுப்பார்கள். "உனக்கு ஒரு வழி செய்து கொடுத்தோமே, இன்னும் என்ன கேட்கிறாய்?" என்ற பேச்சு அங்கேதான் பிறந்தது.

சட்டத்தின் கண்ணிலும் அவள் தொண்டர்தான். கைக்கு வருவது மதிப்பூதியம். 2006-இல் உச்ச நீதிமன்றம் கர்நாடகத்து அமீர்பி என்பவரின் வழக்கில், அங்கன்வாடிப் பணியாளர் வகிப்பது அரசுப் பதவி அல்ல என்று தீர்ப்பளித்தது. 16 ஆண்டுகள் கழித்து, 2022 ஏப்ரலில், குஜராத்து மணிபென் என்பவரின் வழக்கில், இவர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று அதே நீதிமன்றம் சொன்னது. இது பகுதிநேர வேலை என்ற வாதத்தையும் நீதிபதிகள் ஏற்கவில்லை. பகுதிநேரமாம்! கணக்கெடுப்பு அவள், தடுப்பூசிக்குத் தாய்மாரை அழைப்பவள் அவள், எடை பார்ப்பவள் அவள், கர்ப்பிணிக்குச் சத்துமாவு கொடுப்பவள் அவள், வாக்காளர் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகிறவளும் அவள். இத்தனைக்கும் நடுவே பிள்ளைக்குக் கதை சொல்ல எப்போது உட்காருவாள்?

2018 அக்டோபரிலிருந்து மத்திய அரசு கணக்கில் அங்கன்வாடிப் பணியாளரின் மாத மதிப்பூதியம் 3,000 ரூபாயிலிருந்து 4,500 ஆக உயர்ந்தது. மாநிலங்கள் தங்கள் பங்கைச் சேர்த்துக் கொடுக்கின்றன. நம் தமிழ்நாடு பல மாநிலங்களைவிட நன்றாகச் செய்திருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். 54,000-க்கும் மேற்பட்ட மையங்கள் இங்கே உண்டு. சிறப்புக் காலமுறை ஊதியம் என்று ஒன்றும் உண்டு. இருந்தாலும் 2025-இல் ஆள் எடுக்க வந்த அறிவிப்பைப் பாருங்கள். பணியாளருக்கு 12-ஆம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். முதல் ஓராண்டுக்கு மாதம் 7,700 ரூபாய். உதவியாளருக்கு, நாம் ஆயா என்று கூப்பிடுகிறோமே அவருக்கு, 4,100 ரூபாய்.

இன்னொரு செய்தி இதைவிட என்னை வருத்துகிறது. 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கினார்கள். நல்ல காரியம். இடைநிலை ஆசிரியர்களை அங்கே அனுப்பினார்கள். தங்களைக் கீழே இறக்கிவிட்டதாக ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. 2022-இல் அந்த ஆசிரியர்களைத் தொடக்கப் பள்ளிகளுக்குத் திரும்ப அழைத்துக்கொண்டு, மழலையர் கல்வியில் பட்டயம் பெற்றவர்களைத் தற்காலிகச் சிறப்பாசிரியர்களாக வைத்தார்கள், மாதம் 5,000 ரூபாய்க்கு. இடைநிலை ஆசிரியருக்குத் தொடக்க அடிப்படை ஊதியமே 20,600. அதே அறை, அதே பாய், அதே பிள்ளைகள். இந்த வயதுப் பிள்ளைக்கென்றே படித்து வந்தவளுக்குக் கிடைத்தது நான்கில் ஒரு பங்குகூட இல்லை. அந்தச் சங்கத்தார் "கீழே இறக்கிவிட்டார்கள்" என்று சொன்னதில் கோபப்பட ஒன்றுமில்லை. சம்பளப் பட்டியல் அப்படித்தானே சொல்கிறது?

சிலர் கேட்பார்கள், "மூன்று வயதுப் பிள்ளைக்கு இத்தனை படித்த ஆள் எதற்கு?" என்று. மரிய மாந்தெஸ்ஸோரி அம்மையாரை உங்களுக்குத் தெரியும். அவர் மருத்துவர், கத்தோலிக்கர். 1907 ஜனவரி 6, மூன்று இராசாக்கள் திருநாளன்று, உரோமை நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் பகுதியில் தம் முதல் பள்ளியைத் திறந்தார். தாய்தகப்பன் வேலைக்குப் போனபின் பிள்ளைகள் சுவரையும் படிக்கட்டையும் பாழாக்குகிறார்கள் என்று குடியிருப்பின் சொந்தக்காரர்கள் அவரை அழைத்தார்கள். சுவரைக் காப்பாற்ற அழைத்தார்கள், அவர் பிள்ளைகளைக் காப்பாற்றினார். அந்த அம்மையார் 1939-இல் நம் அடையாறுக்கே வந்து பயிற்சி நடத்தினார். போர்க் காலத்தில் இத்தாலியர் என்பதால் கட்டுப்பாட்டில் இருந்தபோதும் கொடைக்கானலில் வேலையை விடவில்லை. இந்தியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களுக்கு அவர் பயிற்சி கொடுத்தார். அவருடைய பெயர் இன்று எங்கே இருக்கிறது? கட்டணம் கட்ட வசதியுள்ளவர்களின் பள்ளிப் பலகைகளில். குப்பத்துக்கு வரவில்லை.

நம் மாநிலத்திலேயே கண்ட சான்றும் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன், கார்த்திக் முரளிதரன் முதலிய பொருளாதார அறிஞர்கள் தமிழ்நாட்டில் 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் பாதியில் மட்டும், பிள்ளைகளுக்குக் கற்பிப்பதற்கென்று ஒரு பெண்ணை அரைநேரத்துக்குக் கூடுதலாக வைத்துப் பார்த்தார்கள். கற்பிக்கும் நேரம் இரண்டு மடங்காயிற்று. ஒன்றரை ஆண்டில் அந்தப் பிள்ளைகள் எண்ணிலும் மொழியிலும் முன்னேறியிருந்தார்கள். வளர்ச்சி குன்றிய பிள்ளைகளும் குறைந்திருந்தார்கள், ஏனென்றால் பழைய பணியாளருக்குச் சத்துணவைக் கவனிக்க நேரம் கிடைத்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1962-இல் தொடங்கிய பெர்ரி பள்ளிச் சோதனையைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். அங்கே படித்த ஏழைப் பிள்ளைகளை 40 வயது வரை தொடர்ந்து பார்த்து, நன்மை நிலைத்திருந்ததைக் கண்டார்கள். ஆனால் அந்தப் பள்ளியின் ஆசிரியர்கள் அரசுப் பள்ளி ஆசிரியருக்குரிய தகுதி பெற்றவர்கள் என்பதை மேற்கோள் காட்டுகிறவர்கள் விட்டுவிடுகிறார்கள்.

2020-ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை, 12-ஆம் வகுப்பு முடித்த பணியாளருக்கு 6 மாதச் சான்றிதழும் மற்றவர்களுக்கு ஓராண்டுப் பட்டயமும் என்று எழுதியிருக்கிறது. அந்தக் கொள்கையில் நம் மாநிலத்துக்கு உடன்பாடில்லை என்பது வேறு செய்தி. கைப்பேசி வழியாகவும் படிக்கலாமாம். காது வடிந்த பையனைக் கைப்பேசியில் பார்த்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்குமா என்று யோசிக்கிறேன். படித்து முடித்தவளுக்கு எவ்வளவு கூடும் என்ற கேள்விக்கோ இன்னும் பதில் இல்லை. என்னுடைய 5 ரூபாய்தான் நினைவுக்கு வருகிறது.

அரசாங்கத்தைப் பற்றி இவ்வளவு பேசினேன். அரசாங்கம் இந்த மண்டபத்தில் இல்லை, நாம் இருக்கிறோம். நம் கோவில் வளாகத்திலும் ஒரு மழலையர் பள்ளி உண்டு. இரண்டு டீச்சர்கள், ஓர் ஆயா. தாய்மார் மீன் விற்கவும் வீட்டு வேலைக்கும் கம்பெனிக்கும் போகிறார்கள். வெளியே எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. பிள்ளைகள் பத்திரமாக இருப்பது அந்த மூவரால்தான். பங்கின் ஆண்டுக் கணக்கை வாங்கிப் பார்த்தேன். அவர்கள் சம்பளம் எந்தத் தலைப்பில் இருக்கிறது தெரியுமா? "தரும காரியங்கள்" என்ற தலைப்பில், பொங்கல் அரிசிக்கும் கிறிஸ்மஸ் துணிக்கும் நடுவே. மே மாதம் பள்ளி மூடியிருப்பதால் சம்பளம் கிடையாது. மே மாதம் அவர்கள் என்ன சாப்பிடுவார்கள் என்று நானும் இத்தனை வருடமாகக் கேட்கவில்லை, அதற்காக வெட்கப்படுகிறேன்.

பாப்பிறை 13-ஆம் சிங்கராயர் 1891-இல் தொழிலாளர் கூலியைப் பற்றி எழுதிய சுற்றுமடலை ஒவ்வொரு மே தினப் பூசையிலும் பிரசங்கத்தில் கேட்கிறோம். ஆகவே மூன்று வேண்டுகோள்களைப் பேரவையின் முன் வைக்கிறேன். பொன்விழா நிதியில் மணிக்கூண்டுக்கு ஒதுக்கியதில் ஒரு பகுதியை எடுத்து, அந்த மூவருக்கும் 12 மாதச் சம்பளம் கொடுங்கள். இளைய டீச்சரை மழலையர் கல்விப் பட்டயப் படிப்புக்கு அனுப்புங்கள், படிக்கும் காலத்துச் சம்பளத்தை நிறுத்தாமல். அவள் திரும்பி வரும்போது எவ்வளவு கூட்டப்போகிறோம் என்பதையும் இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். கணக்குப் புத்தகத்தில் தலைப்பையும் மாற்றிவிடுங்கள். அதற்குப் பணம் எதுவும் தேவையில்லை.

பேரவை வரும் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் கூடுவதாக அறிவிப்பில் கேட்டேன். எனக்கு அங்கே ஓட்டு இல்லை. ஆனாலும் வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன்.