பூவின் சாயமும் சூரியனின் ஒளியும்
(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

“படித்து முடித்து என்ன தொழில் பார்க்கப் போகிறாய்?” என்று எம் வயதினரைக் கேளாத பெரியவர் இலர். வைத்தியர் என்றோ, பொறியியலாளர் என்றோ, கணக்காளர் என்றோ விடை கூறினால் கேட்டவர் மகிழ்வர். “ஆராய்ச்சி செய்யப் போகிறோம்” என்றால், “அது வெள்ளைக்காரர் தேசத்துக்குச் சரி, இங்கே அதற்கு வசதி ஏது?” என்பர். அந்தக் கேள்வி நியாயமானதே. அதற்கு விடையாக, எமது மாத்தளைக்கு அயலிலுள்ள கண்டியிலே சூரிய மின்கலத்தை ஆராய்ந்த ஒருவரின் தொழில் வாழ்க்கையை இன்று உங்கள் முன் வைக்கின்றோம். அவரே பேராசிரியர் கீர்த்தி தென்னகோன்.

முதலில் சூரிய மின்கலம் என்பது யாதென்று சுருக்கமாகப் பார்ப்போம். ஒளி பட்டால் மின்சாரம் பிறக்கும் என்பதை 1839 ஆம் ஆண்டில் கண்டவர் எட்மண்ட் பெக்கரல் என்னும் பிரெஞ்சுக்காரர். அப்போது அவருக்கு வயது 19. இளைஞர்கள் இதனைக் கவனிக்க வேண்டும்! பயன்படத்தக்க சிலிக்கன் கலம் 1954 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே பிறந்தது. தன்மேல் விழுந்த ஒளியில் 6 வீதத்தை அது மின்சாரமாக மாற்றியது. ஆனால் சிலிக்கனை 1400 பாகைக்கு மேல் உருக்க வேண்டும். மிக மிகத் தூய்மையாக்க வேண்டும். அதற்கேற்ற ஆலைகளும் பெரும் பணமும் வேண்டும்.

1991 இல் சுவிற்சர்லாந்தில் மைக்கேல் கிரெற்செல், பிரையன் ஓ’ரீகன் என்னும் இருவர் வேறொரு வழியை வெளியிட்டனர். வெள்ளைப் பெயின்றில் கலக்கும் தைத்தேனியம் ஒட்சைட்டு என்ற வெண்பொடியைக் கண்ணாடியிற் பூசிச் சுட்டு, அதன் மேல் ஒரு சாயத்தை ஏற்றினர். சாயம் ஒளியை விழுங்கி ஓர் இலத்திரனை வெண்பொடிக்கு வழங்கும். இழந்த இலத்திரனைச் சாயத்துக்குத் திருப்பித் தருவதற்கு ஒரு திரவம் இடையே இருக்கும். பச்சை இலை ஒளியைப் பிடிக்கும் முறைக்கு இது ஓரளவு ஒப்பானது. இதற்குப் பெரிய ஆலை வேண்டியதில்லை. அடுப்பும் கண்ணாடியும் கூரிய மூளையும் போதும். அந்த வெண்பொடிக்குரிய தாதுப்பொருளோ எம் நாட்டுப் புல்மோட்டை மணலிலேயே இருக்கின்றது.

இனிப் பேராசிரியர் தென்னகோனிடம் வருவோம். அவர் தொடக்கத்தில் சூரிய மின்கல அறிஞர் அல்லர். 1972 இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் சந்திப் பக்வாசா என்னும் இந்திய அறிஞருடன் சேர்ந்து, நியூத்திரினோ என்ற நுண்துணிக்கைக்கு நிறை இருக்குமாயின் என்ன நிகழும் என்று ஆராய்ந்து கட்டுரை எழுதியவர். நாடு திரும்பி ருகுணைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகப் பேராசிரியரானார். பின்னர் கண்டி ஹந்தானையில் உள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தில் பணியாற்றி, அதன் பணிப்பாளராகவும் இருந்தார். தாளும் பேனாவும் கொண்டு அணுவின் உள்ளே ஆராய்ந்தவர், கண்ணாடித் துண்டையும் சாயத்தையும் கையில் எடுத்தார். ஒரு துறையிற் பெற்ற பயிற்சி இன்னொரு துறையில் வீணாவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

புதிய கலத்தில் ஒரு குறை இருந்தது. திரவம் ஆவியாகும், ஒழுகும். 1995 இல் தென்னகோனும் அவருடைய மாணவரும் அத்திரவத்தை நீக்கி, செப்பு அயடைட்டு என்ற திண்மப் பொருளை வைத்துக் கலத்தை அமைத்தனர். 1997 இல் மலர்களிலுள்ள சயனிடின் என்னும் செந்நிறச் சாயத்தைக் கொண்டு அமைத்த கலத்தைப் பற்றி எழுதினர். நாம் அம்மனுக்குச் சாத்தும் செவ்வரத்தையின் சிவப்பும் அவ்வகைச் சாயமே. 1999 இல் வெள்ளீய ஒட்சைட்டையும் நாக ஒட்சைட்டையும் கலந்து, 8 வீதம் அளவு வினைத்திறன் தரும் கலத்தை வெளியிட்டனர். உலகத்து ஆய்வுகூடங்கள் அக்கட்டுரைகளை எடுத்துப் படித்தன.

ஆயினும் உண்மையை மறைத்தல் முறையன்று. மலர்ச் சாயம் தரும் மின்சாரம் சொற்பம்; வெயிலில் அது மங்கும். செப்பு அயடைட்டின் பளிங்குகள் பெருத்து, கலத்தின் நுண்துளைகளை நிரப்ப மறுத்தன. 2002 இல் யப்பானிய அறிஞருடன் சேர்ந்து ஒருவகை உப்பைச் சிறிதளவு கலந்து அதனைக் கட்டுப்படுத்தினர். இத்தனைக்குப் பின்னரும், இன்று நம் வீட்டுக் கூரைகளில் ஏறியிருப்பது பெரும்பாலும் சிலிக்கனே. அப்படியாயின் அவ்வுழைப்பு வீணா?

வீணன்று என்பதே எம் துணிபு. 2009 இல் யப்பானில் மியாசாக்கா என்ற பேராசிரியர், சாயத்தின் இடத்தில் பெரொவ்ஸ்கைற்று என்ற பளிங்கை வைத்தார். கிடைத்தது 3.8 வீதமே; அதுவும் திரவத்தில் விரைவிற் கெட்டது. 2012 இல் திரவத்தை அகற்றித் திண்மத்தை வைத்தபோதுதான் அக்கலம் நிமிர்ந்தது. இன்று ஆய்வுகூடத்தில் 25 வீதத்தையும் கடந்து நிற்கின்றது. திரவத்தை விட்டுத் திண்மத்துக்குச் செல்லும் அந்த அடியை, 17 ஆண்டுகளுக்கு முன்னரே ஹந்தானை மலையில் எடுத்து வைத்திருந்தனர் அன்றோ! பலன் எவர் கையிற் சேரும் என்று பாராமல் கடமையைச் செய்வதையே நம் முன்னோர் கர்மயோகம் என்றனர். ஆராய்ச்சித் தொழிலின் உட்பொருளும் அதுவே.

இது ஒருவருடைய கதை மட்டுமன்று. இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் நாக ஒட்சைட்டு நுண்கோல்களையும் பல்பகுதியம் என்ற பிளாத்திக்கு வகைப் பொருளையும் சேர்த்துச் சூரியக் கலம் அமைத்து, 2006 இல் கட்டுரை வெளியிட்ட புண்ணியமூர்த்தி இரவிராஜன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிகப் பேராசிரியராகி, மாணவரை அத்துறையில் வளர்த்தார். ஆகவே தமிழ் மாணவருக்கு இவ்வழி புதிதன்று.

எமது மாத்தளைக்கு இதனால் ஆவதென்ன? பொல்கொல்லையில் திருப்பிய மகாவலி நீர் சுரங்கவழியே வந்து, 1976 முதல் உக்குவளையில் மின்சாரம் தருகின்றது. மழை பொய்த்தால் நீர்மின் குறையும். அப்பொழுது வெயிலே துணை. அந்த வெயிலை ஆளக் கற்றவர் எம் மண்ணிலும் தோன்ற வேண்டும்.

தோன்றுவதற்குத் தடை எது? அறிவுக் குறைவு அன்று. மிஷன் பாடசாலையில் கற்ற எமக்கு ஆய்வுகூடமும் விஞ்ஞான ஆசிரியரும் கிடைத்தனர். எமக்கு நிகரான, எம்மிலும் கூர்மையான பிள்ளைகள் தோட்டங்களில் இருக்கின்றனர். அவர்கள் படிக்கும் பாடசாலைகள் பலவற்றில் உயர்தர விஞ்ஞான வகுப்பே இல்லை. கதவு திறக்காத வீட்டில் விளக்கைப் பற்றிப் பேசி என்ன பயன்?

1897 இல் சுவாமி விவேகானந்தர் கண்டியிலிருந்து வந்து இம்மாத்தளையில் ஓர் இரவு தங்கினார். அவருடன் கப்பலிற் பயணஞ்செய்த ஜாம்ஷெட்ஜி தாதா அவருக்குக் கடிதம் எழுதி ஆதரவு வேண்டிய விஞ்ஞான நிறுவகமே, 1909 இல் பெங்களூரில் எழுந்தது. சமயத் தொண்டும் விஞ்ஞானத் தொண்டும் பகையல்ல என்பதை அப்பெரியார் அன்றே உணர்ந்திருந்தார்.

ஆதலால் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். அறநெறி வகுப்பு நடக்கும் மண்டபத்திலேயே, கிழமைக்கு இரண்டு மாலை கணிதமும் பௌதிகமும் இரசாயனமும் கற்பிப்போம். பல்கலைக்கழகத்திற் பயிலும் நாம் விடுமுறைகளில் முன்வந்து கற்பிக்கின்றோம். பெரியோர்கள் மேசையும் சில உபகரணங்களும் தந்துதவுங்கள். பெற்றோரே, பிள்ளை “ஆராய்ச்சி” என்று கூறினால் முகம் சுளிக்காது, “எதனை ஆராயப் போகிறாய்?” என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியே அவனுக்கும் அவளுக்கும் போதிய ஊக்கம் தரும்.