மெட்கர் எவர்ஸ் என்னும் போர்வீரர்



உழவர் குடியில் தோன்றிய ஒரு போர்வீரரைப் போற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். நான் தேர்ந்துகொண்டவர் அமெரிக்கக் கறுப்பினத்தவரான மெட்கர் எவர்ஸ். 1925இல் மிசிசிப்பி மாநிலத்து டெக்கேட்டரில், சிறு நிலத்தை உழுதும் மர அறுவை ஆலையில் உழைத்தும் குடும்பம் காத்த தந்தைக்குப் பிறந்தவர்.

அந்நாளில் உழவர் வீட்டுப் பிள்ளைகளின் தலைமைப் பயிற்சியிலும் நிறம் பார்த்தார்கள். 1928இல் தோன்றிய 'வருங்கால உழவர்' அமைப்பில் தென்மாநிலக் கறுப்பினப் பிள்ளைகளுக்கு இடமில்லை. அவர்களுக்கென 1935இல் டஸ்கீகியில் 'புதிய உழவர்' என்னும் தேசிய அமைப்பு உருவாயிற்று. இரண்டும் இணைந்தது 1965இல்தான். உழுகிற மாட்டுக்குப் பார்க்காத நிறத்தை உழுகிறவனுக்குப் பார்த்தார்கள்!

எவர்ஸ் 1943இல் படையில் சேர்ந்து பிரான்சில் பணியாற்றினார். படையிலும் கறுப்பினத்தார்க்குத் தனிப்பிரிவுதான். 1946 ஜூலை 2ஆம் நாள், தம் 21ஆம் பிறந்தநாளன்று, தமையனார் சார்லசோடும் வேறு சில முன்னாள் சிப்பாய்களோடும் வாக்களிக்கச் சென்றார். ஆயுதம் தாங்கிய வெள்ளையர் கூட்டம் வழி மறித்தது, வாக்களிக்காமலே திரும்பினார்கள். அதே 1946இல்தான் நம் அண்ணல் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டூ பாய்சுக்குக் கடிதம் எழுதி, ஐக்கிய நாடுகள் அவைக்கு அம்மக்கள் அளித்த முறையீட்டின் படிகளைக் கேட்டார். இளைஞர்கள் இதனைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து எவர்ஸ் சென்ற இடம் கல்லூரி. ஆல்கார்ன் வேளாண்மைக் கல்லூரியில் வணிக நிருவாகம் பயின்றார். மூன்றாமாண்டு மாணவர் தலைவராகவும் விளங்கினார். 1952இல் பட்டம் பெற்று, காப்பீட்டு முகவராகப் பருத்திக் காடுகளில் சுற்றினார். வாரத்திற்கு உழுத குடிகள், விளைச்சலைக் கொடுத்த பின்னும் நிலக்காரர் கணக்கில் கடன்காரராகவே நின்றதைக் கண்டார். நம் கிராமங்களை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கழிப்பறையைப் பயன்படுத்த விடாத பெட்ரோல் நிலையங்களில் பெட்ரோல் வாங்காதீர் என்னும் இயக்கத்திலும் முன்னின்றார். 1954இல் மிசிசிப்பிப் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி அவருக்கு இடம் மறுத்தது. அவ்வாண்டே கறுப்பின மக்களின் முன்னேற்றச் சங்கத்திற்கு அம்மாநிலத்தின் முதல் களச்செயலாளரானார்.

1963 ஜூன் 12ஆம் நாள் தம் வீட்டு வாசலிலேயே முதுகில் சுடப்பட்டு வீழ்ந்தார், வயது 37. படை மரியாதையோடு ஆர்லிங்டன் வீரர் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். டெக்கேட்டரில் வாக்குச்சீட்டை மறுத்த நாடு ஆர்லிங்டனில் இடம் கொடுத்தது. 1964இல் வெள்ளையர் மட்டுமே அமர்ந்த இரு நடுவர் குழுக்கள் முடிவுக்கு வர இயலாமற் கலைந்தன. கொலையாளி தண்டனை பெற்றது 1994இல். அதுவரை வழக்கைக் கைவிடாதிருந்தவர் அவருடைய துணைவியார் மெர்லி. ஆல்கார்னில் எவர்சோடு பயின்ற அவ்வம்மையார் 1995இல் அச்சங்கத்தின் தலைவராகவே தேர்ந்தெடுக்கப்பட்டார். எவர்சுக்கு அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் விடுதலைப் பதக்கம் 2024இல் அளிக்கப்பட்டது.